மதுரை ரிங் ரோடு ரேஸும் பிள்ளைங்க கையில வண்டிச் சாவியும்: கேள்வி பதில்

வில்லாபுரத்திலிருந்து ஓர் அம்மா: பையன் பிளஸ் ஒன், வயசு 16. டியூஷனுக்கு மட்டும் ஸ்கூட்டர் குடுக்கிறோம். பிடிச்சா ஃபைன் கட்டிட்டா போதும்ல?

போதாதும்மா. 16 வயசுக்குச் சட்டம் விடுவது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டி மட்டும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இன்றைக்கு ஷோரூமில் நிற்கிற ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேல். ஆக, 18 முடியாமல் அவன் உங்கள் வண்டியைத் தொடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவைப் பாருங்கள். பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. அவன் யார்மேலாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்கு நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திருப்பி வசூலிக்கலாம்.

அப்ப பேட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தரலாமா?

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு தேவையில்லை. அந்த வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றித் தர ஆள் இருக்கிறார்கள். கழற்றினால் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். ஹெல்மெட் எப்படியும் போடட்டும்.

திருப்பரங்குன்றம், 19 வயசு: அண்ணே, ராத்திரி 11 மணிக்கு மேல ரிங் ரோடு காலியாத்தான் கெடக்கு. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்கதான் ஓட்டுறாங்க. என்ன ஆபத்து?

தம்பி, உன் கை திறமையை நான் குறை சொல்லவில்லை. கணக்கை மட்டும் பார். எதிரே ஒன்றைக் கண்டு, மூளைக்கு எட்டி, விரல் பிரேக்கைத் தொட ஒரு விநாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும், பிறகு பிரேக் பிடித்து நிற்க 10 மீட்டர். மொத்தம் 21. 80இல் 22ம் 41ம் சேர்த்து 63 மீட்டர். 100இல் 28ம் 64ம், 92 மீட்டர். அதாவது ஏழு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் அதைத் தாண்டித்தான் நிற்பாய். இதுவும் நல்ல டயர், காய்ந்த ரோடு, தூக்கமில்லாத கண் இருந்தால்.

இனி ஹெட்லைட். டிம்மில் 40, 50 மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் பெரிது. 80இல் போகிறவன் தன் வெளிச்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறான். உத்தங்குடியிலிருந்து விரகனூர் வழியாகக் கப்பலூர் வரை அந்த ரோட்டில் ராத்திரி என்ன நிற்கும் என்று உனக்கே தெரியும். பின்னால் சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாத வைக்கோல் டிராக்டர், ஓரமாக விட்டுவிட்டுத் தூங்கும் லாரி, மீடியன் கேப்பில் ராங் சைடில் வரும் மொபெட், நாய். இவற்றில் ஒன்றுக்கும் உன் பந்தயம் தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நாலு மடங்கு. ஹெல்மெட் தலையைக் காக்கப் பார்க்கும். நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஒன்றும் இல்லை.

வீலிங்கும் சேர்த்துச் சொல்கிறேன். முன்சக்கரம் மேலே இருக்கும்போது திருப்பவும் முடியாது, முன்பிரேக்கும் கிடையாது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அந்த முன்பிரேக்குத்தான்.

பிடிபட்டால் அதே சட்டத்தின் 189ஆம் பிரிவு: முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

என் வண்டியில ஏபிஎஸ் இருக்கே?

சக்கரம் லாக் ஆகாமல் பார்ப்பது மட்டும் அதன் வேலை. மணலில் தூரத்தைக் குறைத்துவிடாது. சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும். பின்பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் வழக்கம்போல வழுக்கும்.

சிம்மக்கல், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்: பசங்க கண்ணாடியக் கழட்டு, சைலென்சர மாத்து, டயர ஒல்லியாக்குன்னு வர்றாங்க. எதுக்கு மறுக்கணும்?

மூன்றுக்குமே மறுத்துவிடுங்கண்ணே. ஒல்லி டயர் தரையைத் தொடும் பரப்பைக் குறைக்கும். வளைவில் சாயும்போதும் பிரேக்கிலும் முதலில் கைவிடுவது அதுதான். கண்ணாடி இல்லாதவன் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்கத் தலையைத் திருப்புவான், அந்த நேரம் முன்னால் கண் இருக்காது. விதிக்கு மாறாக மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அந்தப் பசங்களிடம் காசு வாங்குகிற வேலை வேறு இருக்கிறது: செயின் தொய்வு 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள், காற்று ஸ்டிக்கரில் போட்ட அளவு, பிரேக் ஷூ, பேட் தேய்மானம், டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத் தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தை. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம்.

ஒத்தக்கடை, அப்பா: பையனுக்கு 18 ஆச்சு, லைசென்ஸ் வாங்கிட்டான். 200 சிசி கேக்குறான்.

முதல் ஓராண்டுதான் ரொம்ப முக்கியம் ஐயா. கலிஃபோர்னியாவில் 18க்குக் கீழே கார் லைசென்ஸ் வாங்குகிறவர்கள் முதல் 12 மாதம், பெரியவர் கூட இல்லாமல், ராத்திரி 11 முதல் காலை 5 வரை ஓட்டக் கூடாது, 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றவும் கூடாது. கூட நண்பன் ஏறினால் இளவயசில் துணிச்சல் கூடும் என்பதால்தான். அதை வீட்டில் வையுங்கள். 100 முதல் 125 சிசி வண்டி, முதல் ஆறு மாதம் பின்சீட்டில் யாரும் ஏறக் கூடாது, ராத்திரி 9 மணிக்குச் சாவி ஆணியில் தொங்கணும். விதியைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாம். அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிரச்சினையில் மாட்டினால் எந்த நேரமும் உங்களைக் கூப்பிடலாம், அந்த ராத்திரி திட்டு கிடையாது என்றும் எழுதுங்கள்.

பிறகு பிரேக் பழக்கம். இதை யாரும் கற்றுத் தருவதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். புது லேஅவுட்டில் காலித் தார் ரோடு கிடைக்கும். சாக்பீஸில் கோடு போடுங்கள். 20 வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கட்டும். அடுத்து 30, அடுத்து 40. முன்பிரேக்கை வெடுக்கென்று அல்ல, ஈரத்துணியைப் பிழிவதுபோல் அழுத்தம் கூட்டணும். பின்பிரேக் மட்டும், இரண்டும் சேர்த்து என்று தனித்தனியாகச் செய்து, நின்ற இடத்தில் செங்கல் வைத்துக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். பின்பிரேக் மட்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு போவதை அவனே பார்ப்பான்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு. பட்டியை மாட்டியபின் முகவாய்க்கடியில் இரண்டு விரல்தான் நுழையணும். பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் சைஸ் பெரிது. ஒருமுறை மோதியது என்றால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றுங்கள், உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும்.

ரேஸ்தான் வேணும்னு நிக்கிறான்.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக். எல்லாரும் ஒரே திசை, விழுந்தால் உருள வெட்டவெளி, ஆம்புலன்ஸ் பக்கத்தில். பணம் ஆகும். ஆனாலும் அங்கே அனுப்புங்கள்.

விபத்து கண்ணெதிர நடந்தா?

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஓர் ஆள், 108க்குப் பேச ஓர் ஆள். மூச்சு அடைக்காதவரை ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். உதவியவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, சட்டம் காக்கிறது. 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ராஜாஜி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதைச் சொல்லிவிடுங்கள்.