ஆண்டு விழாவும் நாடக வகுப்பும்: வாசகர் கேள்வி பதில்

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்காக இரண்டு மாதம் வசனம் மனப்பாடம் செய்தான். விழா அன்று ஒலிப்பதிவை ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க மட்டும் சொன்னார்கள். நாடகத்தில் பிள்ளைகள் கற்க வேண்டியதுதான் என்ன?
– ஒரு தாய், பெரம்பூர்

சகோதரி, உங்கள் கடிதம் என்னைக் கோபப்படுத்தியது. பிள்ளையின் குரலைப் பிடுங்கிக்கொண்டு, உடம்பை மட்டும் மேடையில் நிறுத்துவதை நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்கள் மகன் கற்க வேண்டியது, கத்தாமல் கடைசி பெஞ்சு வரை எட்டும்படி பேசுவது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில், பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களின் பிள்ளைகள் மைக் இல்லாமலே கொட்டகை முழுவதும் கேட்கும்படி பாடினார்கள், பேசினார்கள். அந்தக் கம்பெனிகளின் அடியும் கண்டிப்பும் நமக்கு வேண்டாம். அந்தக் குரல் பயிற்சி வேண்டும்.

அதைவிட முக்கியம், எதிரில் நிற்பவன் பேசுவதைக் கேட்பது. பள்ளி நாடகத்தில் ஒரு பிள்ளை பேசும்போது மற்றப் பிள்ளையைக் கவனியுங்கள். தன் வரியை உள்ளுக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பான். உதடு அசைவது தெரியும். நண்பன் சொன்ன எதுவும் அவன் காதில் விழுந்திருக்காது. என் வகுப்பில் இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவன் “பென்சிலைக் கொடு” என்பான், மற்றவன் “தர மாட்டேன்” என்பான். வேறு பேச்சு கிடையாது. தொடக்கத்தில் இருவரும் போட்டி போட்டுக் கத்துவார்கள். தொண்டை ஓய்ந்த பிறகு, பென்சில் கேட்பவன் குரலைத் தாழ்த்துவான். மறுக்கிறவன் திகைத்துப்போய் முதன்முறையாக அவன் முகத்தைப் பார்ப்பான். அடுத்து வரும் “தர மாட்டேன்” வேறு மாதிரி இருக்கும். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அவன் கேட்டதிலிருந்து வருகிறது.

மகனிடம் திறமை இல்லையோ என்ற கவலை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அவனுக்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவே இல்லை.

அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மேடை இல்லை, பணம் இல்லை, ஒரே ஒரு பாடவேளை. நாடகம் நடத்த முடியுமா ஐயா?
– ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

ஒரு பழைய வேட்டி இருந்தால் போதும், அம்மா. தெருக்கூத்தில் வேடம் சட்டென்று வந்து நிற்பதில்லை. இருவர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வரும். வந்தவர் துரியோதனனாகவே இருந்தாலும், யார், எந்த ஊர், என்ன காரியம் என்று, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேட்காமல் விடமாட்டான். மன்னன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பிள்ளைகள் வேட்டியைப் பிடிக்கட்டும். பின்னால் இருப்பவள் மீன் விற்கும் பாட்டியாகவோ பஸ் கண்டக்டராகவோ நடந்து வரட்டும். வேட்டிக்குக் கீழே பாதங்கள் மட்டும் தெரியும். அவற்றைப் பார்த்தே வருவது யார் என்று வகுப்பு சொல்ல வேண்டும். கூடையின் பாரத்தைப் பாதத்தில் காட்ட அந்தப் பெண் படும் பாடு இருக்கிறதே, அங்கேதான் பாடம் நடக்கிறது. திரை விலகியதும் இன்னொரு பிள்ளை கட்டியங்காரனாகிக் கேள்வி கேட்கலாம். “மீன் என்ன விலை? நேற்று ஏன் வரவில்லை?” எழுதிக்கொடுத்த வசனம் எதுவும் இல்லாததால் இருவரும் யோசித்துத்தான் பேச வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்குக் கட்டியங்காரன் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்கும் உரிமை கிடைத்ததும் அவள் நிமிர்ந்து நிற்பாள்.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். புரிசை கிராமத்துத் தெருக்கூத்தில் மனம் பறிகொடுத்த எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்; நவீன நடிகர்களும் கூத்திலிருந்து கற்றார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகளை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் சிலர்தான். உங்கள் பாடவேளை மொத்த வகுப்புக்கும் உரியது. போட்டிக்குத் தேர்வானவர்களை மட்டும் வைத்து அதை நடத்திவிடாதீர்கள்.

விடுமுறை நாளில் பேத்தியை எங்கே அழைத்துப் போகலாம்?
– ஒரு தாத்தா, திருவல்லிக்கேணி

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு. வெண்கலச் சிற்பக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். எதையும் விளக்காமல், அதே போல் நிற்கச் சொல்லுங்கள். வலக்காலை மடக்கி ஊன்றி, இடக்காலைக் குறுக்கே தூக்கியதும் தள்ளாடுவாள். கை எங்கே போனால் உடம்பு நிற்கிறது என்று தானாகவே தேடிக் கண்டுபிடிப்பாள். பிறகு காகிதமும் பென்சிலும் கொடுத்து, அந்தத் தூக்கிய காலை மட்டும் வரையச் சொல்லுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வேறு நாளாகப் பார்த்துப் போங்கள்.