குடலிறக்கத்துக்குள் குடல்வால்

கேள்வி: அண்ணனுக்கு வலது பக்கக் குடலிறக்க ஆபரேஷன். உள்ளே அப்பென்டிக்ஸ் (குடல்வால்) சீழ் பிடித்து இருந்ததாம். அதை எடுத்துவிட்டு, பலவீனமான இடத்தைத் தாங்கும் வலை (மெஷ்) வைக்காமலே தைத்துவிட்டார்கள். ஏன் டாக்டர்? – வாசகி, தேனி

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், பயப்படாதீங்கம்மா. குடலிறக்கப் பைக்குள் குடல்வால் இருந்தால் அதற்கு ‘அம்யாண்ட் ஹெர்னியா’ (ஹெர்னியா என்றால் குடலிறக்கம்) என்று பெயர். 1735-இல் லண்டனில் கிளாடியஸ் அம்யாண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், 11 வயதுப் பையனின் ஹெர்னியாப் பைக்குள், விழுங்கிய குண்டூசி குத்தி ஓட்டையான குடல்வாலைக் கண்டு வெட்டியெடுத்தார். மயக்க மருந்தே இல்லாத காலம், பாவம்! பையன் பிழைத்துக்கொண்டான். பெரும்பாலும் திறந்த பிறகுதான் எங்களுக்கே இது தெரியும். குடல்வால் நன்றாக இருந்தால் உள்ளே தள்ளி வலை வைப்போம். சீழ் இருக்கும் இடத்தில் வலை வைத்து, அதில் கிருமி தொற்றிக்கொண்டால் பெரும்பாடு. வலை இல்லாததால் மறுபடி இறங்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். இருமல், மலச்சிக்கலைக் கவனிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லும்வரை கேஸ் சிலிண்டர் தூக்க வேண்டாம்.