விவாகரத்துக்கு எவ்வளவு செலவாகும்? என் 3.2 லட்சம் இதிலேயே கரைந்துவிடுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 36 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை. மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவருக்கு 41 வயது, கோவையில் தனியார் வேலை, சம்பளம் 85,000. எட்டு வயது மகள் என்னோடு இருக்கிறாள். 14 மாதமாக நான் அம்மா வீட்டில் இருக்கிறேன். இனி சேர்ந்து வாழ முடியாது என்பது இருவருக்குமே தெரிந்துவிட்டது. அவர் பிரச்சினை செய்யவில்லை, ஆனால் பணப் பேச்சு வந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. 2019-ல் இருவர் பெயரிலும் வாங்கிய ஃபிளாட் இன்று 60 லட்சம் போகும். கடன் பாக்கி 24 லட்சம். மாதத் தவணை 27,000-ஐ அவர் கட்டுகிறார். என் 45 பவுனில் 20 பவுனை முன்பணத்துக்காக அடகு வைத்தோம், வட்டி கட்டி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் மீட்கவில்லை. ஒரு வக்கீல் 'எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம்' என்கிறார். இன்னொருவர் முதலில் 25,000, அப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் 4,000 என்கிறார். சித்தப்பாவோ 'கேஸ் போடு, 50 லட்சம் கேள், தானாக வழிக்கு வருவார்' என்கிறார். சேமிப்பு 3.2 லட்சம்தான். செலவைக் குறைக்க வழி உண்டா? பெயர் வேண்டாம்.

பதில்: உங்கள் சேமிப்பு கரைய வேண்டியதில்லை. ஆனால் எந்த வக்கீல் மலிவு என்று பார்ப்பதில் பெரிய மிச்சம் எதுவும் இல்லை. நீங்கள் இருவரும் எத்தனை விஷயங்களைப் பேசி முடித்துவிட்டு கோர்ட் படி ஏறுகிறீர்கள் என்பதில்தான் மொத்தச் செலவும் இருக்கிறது.

அந்த இரண்டு வக்கீல்களும் சொன்னது ஒரே வேலைக்கான விலை இல்லை என்று நினைக்கிறேன். முதலாமவர் பரஸ்பர சம்மத விவாகரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். வாய்தாவுக்கு இவ்வளவு என்பது பெரும்பாலும் எதிர்த்து நடக்கும் வழக்குக்கான கணக்கு. அதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 10 வாய்தா, மூன்று ஆண்டு என்றால் 30 வாய்தா, அதற்கு 1,20,000. முதலில் கொடுத்த 25,000. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். உங்கள் சம்பளத்தில் அது சுமார் 1,460 ரூபாய், 30 நாளைக்குக் கிட்டத்தட்ட 44,000. மொத்தம் 1.89 லட்சம். இது உங்கள் பக்கத்துச் செலவு மட்டும். அவர் பக்கத்திலும் இதே அளவு போகும். மேல்முறையீடு என்று ஹைகோர்ட்டுக்குப் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இத்தனைக்கும் கோர்ட்டில் கட்டும் கட்டணம் சொற்பம்தான்.

உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டம், 1955-ன் கீழ் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் பிரிவு 13-பி-யின் படி, ஓர் ஆண்டாவது பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்தே மனு போடலாம். முதல் மனுவிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், மறுபடி வந்து 'எங்கள் முடிவில் மாற்றம் இல்லை' என்று சொன்னால் (இதைத்தான் இரண்டாம் மனு என்பார்கள்) தீர்ப்பு. அந்த ஆறு மாதம் கட்டாயம் இல்லை, தகுந்த வழக்குகளில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முதல் மனு போடும்போதே பிரிந்து 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை, மற்ற பாக்கிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சேர்த்து வைக்கும் முயற்சிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. பதினெட்டுக்கு இன்னும் நான்கே மாதம். அதனால் நாளைக்கே மனு போட ஓடாதீர்கள். இந்த நான்கு மாதத்தையும் பேச்சுக்கு எடுத்துக்கொண்டு, எல்லாம் எழுத்தில் முடிந்தபின் மனு போட்டு, ஒரு வாரம் கழித்து, அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவும் (தள்ளுபடி மனு) போடலாம். அரைகுறையாக இன்று மனு போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதைவிட இது எனக்கு நல்லதாகப் படுகிறது. தள்ளுபடி கொடுப்பது நீதிபதியின் விருப்பம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வழக்கை எங்கே போடுவது என்பதும் செலவுதான். மனைவி வசிக்கும் ஊரிலேயே மனு போட சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் கோவைக்கு அலைய வேண்டாம், திருப்பூரிலேயே போடலாம்.

சரி, வக்கீல் விஷயம். 'எல்லாம் சேர்த்து' என்பதில் என்னென்ன சேர்த்தி என்று கேளுங்கள். சமரச ஒப்பந்தம் எழுதுவது, முதல் மனு, தள்ளுபடி மனு, இரண்டாம் மனு, தீர்ப்பின் சான்றிட்ட நகல், குமாஸ்தா செலவு என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டுகிறேன், ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். நல்ல வக்கீல் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. படித்து வேலைக்குப் போகும் பெண்களில் பலர் இது தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன் படி இலவச வக்கீல் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 38,000 சம்பளம் வாங்கும் நீங்களும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். வழக்கு போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் சமரசத்தையும் அவர்கள் செய்கிறார்கள். பாதியில் நிற்கும் உங்கள் பேச்சுக்கு நடுவில் ஒரு மூன்றாம் மனிதர் இருந்தால் போதும் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. அந்த மூன்றாம் மனிதர் சித்தப்பாவாக இருக்க வேண்டாம்.

50 லட்சம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 85,000 சம்பளத்தில் 27,000 தவணைக்குப் போகிறது. அவரால் திரட்ட முடியாத தொகையைக் கேட்டால் அவர் அந்த நிமிடமே தனக்கு ஒரு வக்கீலைப் பிடிப்பார், பரஸ்பர சம்மதம் அங்கேயே முடிந்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நீதிபதி அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் தொகை சொல்வார்.

அந்தத் தாள்களை நீங்களே இப்போதே சேகரித்துவிடுங்கள். உங்கள் தொழிலே கணக்குதானே! ஃபார்ம் 16, ஓராண்டு பேங்க் ஸ்டேட்மெண்ட், வீட்டுக்கடன் ஸ்டேட்மெண்ட், பி.எஃப். பாஸ்புக், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், அடகு ரசீது. அவரையும் இதேபோல ஒரு ஃபைல் கொண்டுவரச் சொல்லுங்கள். இருவர் ஃபைலும் ஒரே மேஜையில் இருந்தால் சந்தேகம் பாதி குறையும். சந்தேகத்தில்தான் வாய்தாக்கள் பெருகும்.

இனி ஃபிளாட். உங்கள் விஷயத்தில் பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 60 லட்சத்தில் கடன் 24 போக மீதி 36. ஆளுக்குப் பாதி என்று பேசினால் உங்கள் பங்கு 18 லட்சம். தவணை அவர் கட்டினார் என்று அவர் சொல்லலாம், என் 20 பவுன் முன்பணத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். அது பேச்சில் முடியட்டும். வீட்டை அவரே வைத்துக்கொண்டு உங்களுக்குப் பணம் கொடுப்பதுதான் முடிவு என்றால், பத்திரம் எப்போது எழுதுகிறீர்கள் என்பது மிக முக்கியம்.

தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகான விகிதம் இது. கடனைக் கழிக்காமல் உங்கள் பாதியை 30 லட்சம் என்று வைத்தால் 30,000 + 10,000 = 40,000 ரூபாய். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் இருவரும் சட்டப்படி குடும்பம் இல்லை, அந்தச் சலுகையும் போய்விடும். அப்போது கிரயமாக எழுத வேண்டி வந்தால் 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், ஆக 2.7 லட்சம். சில மாத முன்பின்னில் 2.3 லட்சம் வித்தியாசம்! உங்கள் இரு வக்கீல்களில் யார் கணக்கை எடுத்தாலும் அதற்கு மேல் இது.

ஆனால் தீர்ப்புக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் மனம் மாறினால்? தீர்ப்பு வரும் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே கையில் டிமாண்ட் டிராஃப்ட் வராமல் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். பதிவு அலுவலகத்திலேயே இரண்டும் கைமாறட்டும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை வைத்துத்தான் கட்டணம் வரும். எந்த வகைப் பத்திரம், பணத்தை எதில் எப்படிக் குறிப்பிடுவது என்பதை வரைவிலேயே வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

பத்திரத்துக்கு முன்னால் பேங்க். கடன் இருவர் பெயரிலும் இருக்கும்வரை, தீர்ப்பில் 'தவணை கணவர் பொறுப்பு' என்று எழுதியிருந்தாலும் பேங்க் அதற்குக் கட்டுப்படாது. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. தீர்ப்பாகி இரண்டு ஆண்டு கழித்து ஸ்கூட்டர் கடனுக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். முன்னாள் கணவர் நான்கு தவணை கட்டாமல் விட்டது தன்னுடைய சிபில் அறிக்கையில் (கடன் வரலாறு) பார்த்தபோதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் பெயரைக் கடனிலிருந்து எடுப்பதற்கு, அவர் சம்பளம் மட்டும் போதுமா என்று பேங்க் மறுபடி பார்க்கும், வாரங்கள் ஆகும். முதலில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

நகைக்கு வருவோம். உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சீதனம், முழுக்க உங்களுடையது. அதை ஜீவனாம்சத் தொகைக்குள் சேர்த்து 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று பேச விடாதீர்கள். அந்த 20 பவுனை மீட்டு எடையாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அடகு வைத்த அன்றைய விலையில் பணமாகத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். 2019-ல் இருந்த விலைக்கு இன்று பாதிப் பவுன்கூட வராது.

பாத்திர பண்டத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி என் அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். வீடு, கார், டெபாசிட் எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கில் நின்றது. அதற்காக மூன்று வாய்தா தள்ளிப்போனது, இரு பக்கமும் கொடுத்த ஃபீஸில் இன்னொரு ஜோடி வாங்கியிருக்கலாம். கடைசியில் அந்தக் கணவர் விளக்குகளைத் தினத்தாளில் சுற்றி ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, பையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜீவனாம்சத்தை ஒரே தொகையாக வாங்கினால் பொதுவாக வருமான வரி இல்லை. மாதாமாதம் வாங்கினால் அது உங்கள் வருமானத்தில் சேரும். உங்கள் பங்கும் ஜீவனாம்சமும் சேர்ந்து ஒரே தொகையாக வருவதுதான் உங்களுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். மாதாமாதம் பணத்துக்காக அவரைத் தொடர்புகொள்ளும் மன உளைச்சலும் இருக்காது. மகளுக்கான செலவு தனி. அதை எந்தச் சூழ்நிலையிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பள்ளிக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள், ஆண்டுதோறும் எவ்வளவு கூட்ட வேண்டும், மெடிக்கல் இன்சூரன்ஸ் யார் எடுப்பது என்று வரி வரியாக எழுதுங்கள். அவர் பெயரில் ஒரு டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு), அதில் மகளுக்குப் பணம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். 'கல்விச் செலவைத் தந்தை பார்த்துக்கொள்வார்' என்ற ஒற்றை வரி பின்னால் இன்னொரு வழக்கைக் கொண்டுவரும்.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். அடி, மிரட்டல் ஏதும் இருந்ததா? அல்லது அவர் சொத்தை மறைக்கிறார் என்று தெரிகிறதா? இருந்தால் மேலே சொன்ன சிக்கனமெல்லாம் இரண்டாம்பட்சம். அப்போது வழக்கு போடத்தான் வேண்டும். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் பிரிவு 24-ல் கேட்கலாம். செலவுக்குப் பயந்து மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் எல்லாவற்றையும்விட அதிக விலை.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் மூன்று வாங்கிவிடுங்கள். பேங்க், பாஸ்போர்ட் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பி.எஃப்., எல்.ஐ.சி., பேங்க் கணக்குகளில் நாமினி தானாக மாறாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். அவருடைய ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸில் நீங்கள் இருந்தால், அது நிற்கும் முன்பே உங்களுக்குத் தனியாக ஒன்று எடுங்கள்.

உங்கள் 3.2 லட்சத்தில் ஒரு லட்சத்தை இதற்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், மீதியைத் தொட வேண்டாம். இலவச வக்கீல் அமைந்தால் இந்த ஒரு லட்சத்திலும் பெரும்பகுதி மிஞ்சும். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று: அந்த 20 பவுன் அடகு ரசீது யார் பெயரில், யார் கையில் இருக்கிறது, அடுத்த வட்டி எப்போது என்று பாருங்கள். தவணை தவறி நகை ஏலத்துக்குப் போய்விட்டால் எந்த வக்கீலாலும் அதே நகையைத் திரும்ப வாங்கித் தர முடியாது.