கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலரிடம் கேளுங்கள்

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரியில், கவுன்சிலராக இருக்கிறேன். பள்ளிப் படிப்பு அரைகுறையாக இருந்து காலேஜுக்கு வரும் பிள்ளைகளை ஆசிரியரும் கவுன்சிலரும் சேர்ந்து எப்படிக் கரையேற்றுவது என்பதுதான் இன்றைய பேச்சு. விசா விஷயத்துக்கு நான் ஆள் இல்லை.

பிரியா: அக்கா, மகன் பள்ளியில் சுமார்தான். கவுன்சிலர் என்றால் எந்தக் கோர்ஸ் எடுக்கலாம் என்று சொல்பவர்தானே? அவருக்கும் வகுப்புக்கும் என்ன சம்பந்தம்?

பல காலேஜ்களில் சம்பந்தமே இல்லை, அதுதான் கோளாறு. இங்கே கவுன்சிலரும் மாஸ்டர்ஸ் முடித்த ஃபேகல்டிதான். ஆனால் அவர் ஒரு கட்டடத்தில், ஆசிரியர் இன்னொரு கட்டடத்தில். உதவி வேண்டுமென்றால் பையன்தான் தேடிப் போக வேண்டும். தடுமாறுகிற பையன் அதைத்தான் செய்ய மாட்டான்.

ஹேவர்டில் உள்ள ஷாபோ காலேஜில் 1981-ல் ஃபெலிக்ஸ் கலாவிஸ் என்ற கவுன்சிலரும் பாட்ரிசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களின் மதிப்பெண் பதிவுகளை உட்கார்ந்து படித்தார்கள். மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. இவர்கள் கவுன்சிலர் பக்கமே போவதில்லை. காலேஜ் நிலை எழுத்து வகுப்பில் சேருவதில்லை. குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் இவர்கள்தான். அதனால் மூன்றையும் ஒன்றாகக் கட்டினார்கள்: எழுத்து வகுப்பு, அந்த வகுப்புக்கென்றே ஒரு கவுன்சிலர், வெளியிலிருந்து வழிகாட்ட வேலையில் இருக்கும் ஒருவர். புவென்டே என்று பெயர். இன்றும் நடக்கிறது, எந்த இனத்தவரும் சேரலாம். உங்கள் மகன் சேரும் காலேஜில் புவென்டேயோ, கறுப்பின மாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய அதே மாதிரித் திட்டமான உமோஜாவோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ரமேஷ்: மகளுடைய மார்க்கை காலேஜில் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். ஃபீஸ் கட்டுவது நான்.

மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்கும் ஃபெர்பா சட்டம், 1974. காலேஜில் சேர்ந்துவிட்டால் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. மகளிடமே கேளுங்கள்.

மாலதி (பகுதி நேர ஆங்கில ஆசிரியை): வராத மாணவர்களைப் பற்றிக் கவுன்சிலர் அலுவலகத்துக்கு 'எர்லி அலர்ட்' என்ற முன்னெச்சரிக்கைக் குறிப்பு அனுப்புகிறேன். கிணற்றில் போட்ட கல்தான்.

எங்கள் பக்கம் தப்பு நிறைய. அலர்ட் அனுப்பியவருக்குப் பதில் போடும் பழக்கமே பல அலுவலகங்களில் கிடையாது. ஆனால் நீங்கள் என்ன எழுதி அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். "படிப்பில் அக்கறை இல்லை" என்று வந்தால் நான் என்ன செய்ய? இப்படி எழுதிப் பாருங்கள்: "முதல் கட்டுரையை நேரத்துக்குக் கொடுத்தார், பி வாங்கினார். இரண்டாவதைக் கொடுக்கவில்லை. பத்து நாளாக வரவில்லை. கடையில் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று ஒருமுறை சொன்னார்." இது கைக்கு வந்தால் எனக்கு வேலை இருக்கிறது. மாலை வகுப்பில் இடம் இருக்கிறதா, செமஸ்டர் நடுவில் தொடங்கும் வகுப்புக்கு மாற்றலாமா என்று பார்ப்பேன். அவர் வீட்டுக் கதையை உங்களிடம் சொல்ல மாட்டேன். "பார்த்தேன், வியாழன் வருவார்" என்று ஒரு வரி கட்டாயம் வரும். படிப்புக்காக இந்த அளவு பகிர்ந்துகொள்ள ஃபெர்பா குறுக்கே நிற்காது.

அருண்: எஃப்-1 மாணவர் விசாவில் ஒரு செமஸ்டருக்கு எத்தனை யூனிட் எடுக்கணும்?

பன்னிரண்டு. மீதியை இன்டர்நேஷனல் ஆபீஸில் கேளுங்கள்.

சுதா: கணக்கு வகுப்பு ஓடவில்லை. டிராப் செய்துவிட்டால் தொல்லை விட்டதுதானே?

விடாது! யாரிடமும் கேட்காமல் டிராப் செய்யாதீர்கள். டபிள்யூ (நடுவில் விட்டதற்கான குறி) விழுந்த வகுப்பும் எடுத்த வகுப்பாகவே கணக்கில் சேரும். எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்தால்தான் நிதி உதவி தொடரும். எல்லா வகுப்பையும் 60 சதவீத காலத்துக்கு முன் விட்டால், வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

கணக்கு வாத்தியார்: காலேஜ் கணக்குக்கு முன் எடுக்கும் அடிப்படை வகுப்புகளை ஏபி 705 என்ற கலிஃபோர்னியா சட்டம் ஒழித்துக்கட்டிவிட்டது. பின்னம் கூட்டத் தெரியாதவனை ஸ்டாட்டிஸ்டிக்ஸில் உட்கார வைத்துவிட்டுக் கவுன்சிலர் வந்து என்ன செய்வார்?

வாங்க சார், எதிர்பார்த்தேன். 2017-ல் வந்த சட்டம் அது. பள்ளி மார்க்கைப் பார்த்து நேராகக் காலேஜ் கணக்கில் போடச் சொல்கிறது. பழைய முறையில் காலேஜ் கணக்குக்கு மூன்று வகுப்பு கீழே தொடங்கும் 100 பேரை எடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் 70 சதவீதம் தேறினாலும் நாலாவது முடிவில் 24 பேர்தான் மிஞ்சுவார்கள். தேறியும் அடுத்ததில் சேராமல் போகிறவர்களை இதில் நான் கழிக்கவே இல்லை.

கணக்கு வாத்தியார்: என் வகுப்பில் ஃபெயில் ஆகிறவர்கள் கூடிவிட்டார்களே!

ஆமாம், வகுப்பு வாரியாகத் தேர்ச்சி குறைந்திருக்கிறது. முதல் வருடத்திலேயே காலேஜ் கணக்கை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இரண்டுமே உண்மை. நீங்கள் வகுப்பறையில் நின்று பார்க்கிறீர்கள், நான் வாசலில் நின்று பார்க்கிறேன்.

செந்தில்: வாத்தியார் சொல்வதுதான் சரி. ஸ்டாண்டர்டைக் குறைத்துவிட்டார்கள்.

பாடத்திட்டம் அதேதான் தம்பி. அடுத்தது.

கீதா: ஆசிரியரும் கவுன்சிலரும் சேர்ந்து வேலை செய்வது இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் எல்லா காலேஜும் ஏன் செய்வதில்லை?

பணம். கலிஃபோர்னியாவில் 1961-லிருந்து ஒரு விதி: கல்விச் செலவில் பாதி, பாடம் நடத்துகிறவர்களின் சம்பளமாக இருக்க வேண்டும். கவுன்சிலர் சம்பளம் மற்ற பாதியில் விழுகிறது. ஆளைக் கூட்டினால் கணக்கு இடிக்கும். நியூயார்க்கில் கியூனி என்ற நகரப் பல்கலைக்கழகம் மாணவர்கள் சீக்கிரம் பட்டம் முடிக்க 2007-ல் தொடங்கிய ஏசாப் திட்டத்தில் ஒரு ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள். வழக்கமான முறையில் 600-க்கு மேல். குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் 40 சதவீதம், மற்றவர்களில் 22. பஸ், ரயில் பாஸும் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

விஜி: மகனுடைய மார்க்கைப் பார்க்க லாகின் கிடைக்குமா?

மேலே ரமேஷுக்குச் சொன்னதுதான்.

கார்த்தி: டேக் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற இடம் உறுதி தரும் ஒப்பந்தம்) வழியாக பெர்க்லிக்குப் போகலாமா?

டேக்கில் பெர்க்லி இல்லை. யூசிஎல்ஏ, சான் டியேகோவும் இல்லை. விண்ணப்பிக்கலாம், உத்தரவாதம் கிடையாது.

கணக்கு வாத்தியார்: சரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸோடு கூடவே ஒரு சப்போர்ட் வகுப்பு வைத்திருக்கிறார்கள். அதனாலும் பிரயோஜனம் இல்லை.

அதை எடுப்பவர் யார்? உங்கள் வகுப்பில் இந்த வாரம் என்ன நடந்தது என்றே தெரியாத வேறொருவர் என்றால் வீண்தான், ஒப்புக்கொள்கிறேன். அவரோடு வாரம் பதினைந்து நிமிடம் பேசுங்கள். கவுன்சிலரை முதல் நாள் அறிமுகத்துக்குக் கூப்பிடாதீர்கள், அன்று யாருக்கும் எதுவும் உறைக்காது. முதல் டெஸ்ட் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கூப்பிடுங்கள். கடைசி இருபது நிமிடம் அவருக்கு. டிராப் பட்டனை அழுத்தப் போகிறவர்கள் அன்று அந்த அறையில்தான் இருப்பார்கள்.