விமானி பதில்கள்: 123.45-இல் அரட்டை அடிக்கலாமா?

கேள்வி: நானும் நண்பரும் ஆளுக்கொரு சிறு விமானத்தில் சேர்ந்து பறப்போம். வழியில் 123.45 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்வோம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அண்மையில் ஒரு மூத்த விமானி குறுக்கிட்டுக் கடிந்துகொண்டார். இதில் என்ன தவறு?

பதில்: அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நினைவில் நிற்கும் எண் என்பதைத் தவிர, அதற்கும் உங்கள் அரட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தரை நிலையங்களின் வி.எச்.எஃப். (விமானங்கள் வழக்கமாகப் பேசும் ரேடியோ அலை) எட்டாத பெருங்கடல்களுக்கு மேலே விமானங்கள் தமக்குள் தகவல் சொல்லிக்கொள்ள, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒதுக்கிய அலைவரிசை அது. ‘இந்த உயரத்தில் குலுக்கல் அதிகம்’ என்று முன்னே போகிறவர் பின்னே வருகிறவரை எச்சரிப்பார். அமெரிக்க நிலப்பரப்பின் மேல் அது சோதனைப் பறத்தலுக்கு உரியது. அங்கே தனியார் விமானங்கள் ஒன்றோடொன்று பேச 122.75 இருக்கிறது, ஹெலிகாப்டர்களுக்கு 123.025. நீங்கள் பறக்கும் நாட்டில் எது என்பதை அந்நாட்டின் விமானத் தகவல் வெளியீட்டில் பாருங்கள்.

‘தாழ்வாகத்தானே பறக்கிறோம், யாருக்குக் கேட்கும்?’ என்பீர்கள். 3,000 அடியிலிருந்தே உங்கள் குரல் தரையில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் போகும். 35,000 அடியில் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு 500 கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டக்கூடும். உங்கள் மதியச் சாப்பாட்டுத் திட்டம் அந்த விமானிக்கு எதற்கு?

இன்னொன்று, இதுதான் முக்கியம். விமான ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் மற்றவர்களுக்குக் கிடைப்பது வெறும் கிறீச்சொலி. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதியபோது அதுதான் நடந்தது. புறப்படத் தொடங்கிய கே.எல்.எம். நிறுவன விமானத்திடம் ‘காத்திருங்கள்’ என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதும், ‘இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பான் ஆம் நிறுவன விமானம் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கே.எல்.எம். விமானி அறைக்குக் கேட்டது கிறீச்சொலி. 583 பேர் இறந்த அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. இது அவற்றில் ஒன்று. ஆகவே பேசி முடித்ததும் ரேடியோ முகப்பை ஒருமுறை பாருங்கள். ஒலிபரப்பைக் காட்டும் ‘டி.எக்ஸ்.’ எழுத்து அணையாவிட்டால், பொத்தான் சிக்கியிருக்கிறது. அந்த அலைவரிசை முழுவதையும் நீங்கள் அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: புது ரேடியோ வேலை செய்கிறதா என்று 121.5-இல் சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. அது ஆபத்து அலைவரிசை. அதில் பூனைபோல ‘மியாவ்’ என்று கத்தும் விமானிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிமம் கொடுத்தவரைத்தான் தேட வேண்டும். சோதனையைத் தரையில், உங்கள் விமான நிலைய அலைவரிசையில், ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே ஆபத்து என்றால் கூச்சமே வேண்டாம். ஏற்கெனவே ஒரு கட்டுப்பாட்டாளரோடு பேசிக்கொண்டிருந்தால் அதே அலைவரிசையில் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை மும்முறை சொல்லுங்கள். யாரும் இல்லாவிட்டால் 121.5-க்கு மாறுங்கள். ஒரு எச்சரிக்கை: 2009 பிப்ரவரி 1 முதல் மீட்புச் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை. விபத்தில் தானாக ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் விமானத்தின் அவசரக் கருவி, அவை கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் வகைதானா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கைரேடியோ வாங்கியிருக்கிறேன். தரையில் இருக்கும் என் மனைவி அதில் என்னோடு பேசலாமா?

பதில்: பொதுவாக, தரையிலிருந்து பேசத் தனி நிலைய உரிமம் வேண்டும். கேட்பதற்கும் சில நாடுகளில் தடை உண்டு. இறங்கியபின் தொலைபேசியில் அழையுங்கள்.