கிராமத்து ஆஸ்பத்திரிக்கு லீன் முறை ஒத்துவருமா?

முக்கூடல், களக்காடு பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் லீன் முறை எடுபடுமா, செலவு பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுபடும். பெரிய செலவும் இல்லை.

டொயோட்டா கார் ஆலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை இது. காத்திருப்பு, அலைச்சல், தேடல் எல்லாமே விரயம், அதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்பதுதான் சாரம். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002-லேயே இதைக் கையில் எடுத்தது.

முதல் வேலை, ஒரு நோயாளியின் பின்னாலேயே நடந்து பார்ப்பது. பீடி சுற்றும் அம்மா ஒருவர் சர்க்கரை மாத்திரைக்கு வருகிறார் என்று வையுங்கள். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, ரிசல்ட்டோடு மறுபடி டாக்டர், கடைசியில் மருந்து ஜன்னல். டாக்டர் பார்ப்பது சில நிமிஷம், போவது அரைநாள் கூலி. எனக்கு ஆற்றாமையே அதுதான். சீட்டு போட்டதும் நர்ஸே ரத்தம் எடுத்துவிட்டால் டாக்டர் முன்னால் ரிசல்ட்டோடு போய் உட்காரலாம், ஒரு வரிசை மிச்சம்.

மருந்து அலமாரியில் கடைசி இரண்டு பெட்டிக்கு முன்னால் ஒரு சிவப்பு அட்டை வையுங்கள். அட்டை வெளியே வந்த அன்றே இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு எழுதும் சீட்டு, போட்டாக வேண்டும்.

காத்திருப்பையும் அலைச்சலையும் குறைப்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயார். 2021-ல் வந்த தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய் அலைச்சலைக் குறைத்தது.

ஒன்று மட்டும் கவனம்: ஆள் குறைக்க இதைச் சாக்காக்கினால் நர்ஸும் துப்புரவுப் பணியாளரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கே நேரம் வீணாகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.