அதியமான்னு பேர் வைக்கலாமா?

கேள்வி: பையனுக்கு அதியமான்னு வைக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். மாமியார் 'ராஜா காலத்துப் பேரா இருக்கே'ங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தாராளமா வைங்கம்மா! மாமியார் சொல்றது சரிதான், ராஜா காலத்துப் பேர்தான். இன்னும் சரியா சொன்னா ஒரு குடியோட பேர், அதியர் குடித் தலைவன்னு அர்த்தம். உங்க ஓசூர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கற தர்மபுரிதான் அப்போ தகடூர், அங்கே இருந்து ஆண்டவர்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. நெல்லிக்கனியை ஔவையாருக்குக் குடுத்த கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அதியமானோட முன்னோர்தான் கரும்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தாங்கன்னு புறநானூறு 99-ல அதே ஔவையார் பாடியிருக்கறது நிறைய பேருக்குத் தெரியாது, எனக்கென்னவோ நெல்லிக்கனியைவிட இதுதான் பிடிச்சிருக்கு. வெறும் பாட்டுல மட்டும் இல்லீங்க, 1981-ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில கிடைச்ச தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டுல 'அதியன் நெடுமான் அஞ்சி'ன்னே வெட்டியிருக்கு. அசோகர் கல்வெட்டுல வர்ற சத்தியபுத்திரர் யாருங்கற பழைய சண்டைக்கும் அதுலதான் விடை கிடைச்சுது, அதியமான் குடிதான் அவங்க.

தமிழ்ப்பேர் வைக்கற இயக்கம் சூடா இருந்தப்போ இந்த மாதிரிப் பேரெல்லாம் வச்சாங்க, இப்போ எல்லாம் 'ஷ்'ல முடியணுமே! அதனால கிளாஸ்ல இன்னொரு அதியமான் இருக்கறது கஷ்டம். கூப்பிட 'அதியா' போதும். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மட்டும் முன்னாடியே முடிவு பண்ணி, பர்த் சர்டிபிகேட்ல இருக்கறதையே ஆதாருக்கும் குடுங்க.